காக்காவா, தாத்தாவா?

பேரனுக்கு நாலரை வயது. 'க' வராது, எல்லாம் 'த' தான். காக்காவைக் காட்டினால் "தாத்தா" என்பான். வீடே என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துப் புத்தகக் காட்சியில் ஒரு படப் புத்தகத்தை 90 ரூபாய்க்கு வாங்கினேன். கழுதை குடை பிடிக்கிறது, காக்கா ஹெல்மெட் போட்டு ஸ்கூட்டர் ஓட்டுகிறது. பக்கத்துக்கு இரண்டே வரி. பேரனுக்கு ஸ்பீச் தெரபி (பேச்சுப் பயிற்சி) கொடுக்கும் அம்மணி அதைப் புரட்டிவிட்டு, "இது என்ன, அது என்னன்னு பரீட்சை வைக்காதீங்க சார். வேணும்னே தப்பா சொல்லிட்டு, அஞ்சு எண்ணுற வரை பேசாம இருங்க" என்றார். பேசாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டம்.

ராத்திரி இருவரும் மல்லாந்து படுத்துக்கொண்டோம். 'க' சொல்ல நாக்கு பின்னால் போக அது உதவுமாம். "ஸ்கூட்டர்ல யாரு, தாத்தாவா?" என்றேன். ஒன்று, இரண்டு, மூன்று... படத்தைப் பார்த்தான், என் வழுக்கையைப் பார்த்தான், விழுந்து விழுந்து சிரித்தான். "தாத்தா இல்ல... க்... காத்தா!"

பாதி வந்துவிட்டது! மூன்று வாரமாக அந்த ஒரு பக்கம்தான். மற்ற பக்கங்களை அவன் சீண்டுவதே இல்லை, சந்தைப் படத்தில் கூட்டம் அதிகம்.

குறை என்றால், அச்சில் 'காகம்' என்று போட்டிருக்கிறார்கள். எந்தக் குழந்தை காகம் என்கிறது? பேனாவால் அடித்து 'காக்கா' என்று எழுதிவிட்டேன். தாளும் மெல்லிசு, ஸ்கூட்டர் பக்கம் இப்போது செல்லோடேப்பில் நிற்கிறது.