நீர்த்துளியை உறைய வைக்க ஷட்டரா, ஃப்ளாஷா?

விழும் துளியைப் படமெடுக்க வழி இரண்டு. வெளிச்சத்தைக் கொட்டி ஷட்டரை, அதாவது கேமராவுக்குள் ஒளியை விடும் திரையை, 1/8000 நொடிக்கு ஏற்றலாம். இல்லையென்றால் அறையை இருட்டாக்கி, பவர் குறைத்த ஃப்ளாஷை அடிக்கலாம். நான் ஃப்ளாஷ் பக்கம் வந்துவிட்டேன். விலை, வசதியெல்லாம் இரண்டாம் பட்சம். வெளிச்சம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதுதான் இங்கே எல்லாமே.

அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி, தண்ணீரைத் தொடும்போது நொடிக்கு 3 மீட்டருக்கு மேல் வேகத்தில் வரும். 1/8000 நொடியில் அது கிட்டத்தட்ட 0.4 மி.மீ. நகர்ந்துவிடும். மிக அருகிலிருந்து எடுக்கும் மேக்ரோ லென்ஸில் அந்த மங்கல் அப்பட்டமாகத் தெரியும். ஃப்ளாஷிலோ பவரைக் குறைக்கக் குறைக்க மின்னும் நேரமும் சுருங்குகிறது. நிக்கான் எஸ்பி-900 ஃப்ளாஷின் கையேட்டின்படி முழுப் பவரில் 1/880 நொடி; 1/32 பவரில் 1/20,000. அதற்குள் துளி 0.15 மி.மீ.தான் நகரும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரால்ட் எட்கெர்ட்டன் 1957-இல் எடுத்த புகழ்பெற்ற பால்துளிக் கிரீடப் படமும் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் வந்ததே.

ஷட்டரில் இன்னொரு சிக்கல் உண்டு. 1/8000 வைத்தாலும் படம் முழுவதும் ஒரே கணத்தில் பதிவதில்லை. ஷட்டரின் இரண்டு திரைகளுக்கு நடுவிலுள்ள கீற்று, படத்தைப் பதியும் சென்சாரைக் கடக்கவே ஏறத்தாழ 1/250 நொடி ஆகும். அதற்குள் துளி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். வெளிச்சமும் போதாது: உச்சி வெயிலில்கூட லென்ஸின் திறப்பை எஃப்/11-க்குச் சுருக்கி 1/8000 வைத்தால், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 4000 கேட்கும். எல்இடி விளக்கென்றால் சொல்லவே வேண்டாம்.

இருட்டறையில் ஃப்ளாஷ் மின்னும் கணம் மட்டுமே பதிவதால், ஷட்டர் 1/160 நொடி போதும். வேகமான ஷட்டரோடு ஃப்ளாஷ் அடிக்க உதவும் ஹை ஸ்பீட் சிங்க் வசதியை அணைத்துவிடுங்கள்; அது ஃப்ளாஷைத் துடிப்புகளாகப் பிரித்து நீட்டிவிடும். முதலில் ஃப்ளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். முழுக்கக் கறுப்பாக வந்தால் அறை சரி. துளி விட, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் குளுக்கோஸ் ஏற்றும் டியூப் அருமை. உருளையைத் திருகினால் சொட்டும் வேகம் கைவசம்.

பம்ப்செட் தொட்டியில் குதிக்கும் பிள்ளைகள் மாதிரி பெரிய தெறிப்புகளுக்கு வெயிலும் வேகமான ஷட்டரும்தான் சரி. அங்கே ஃப்ளாஷ் எடுபடாது. துளி விழுவதை உணர்ந்து தானாகப் படமெடுக்க வைக்கும் டிரிகர் கருவிகளை நான் அதிகம் கையாண்டதில்லை. இரண்டு துளிகளை மோதவிடும் படங்களுக்கு அவை உதவக்கூடும்.

செகண்ட் ஹேண்டில் ஃப்ளாஷ் வாங்குவதானால், மேனுவல் பவர் 1/32-க்குக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். பழைய ஸ்டூடியோ விளக்குகள் வேண்டாம். அவற்றில் பலவற்றில் பவரைக் குறைத்தால் மின்னும் நேரம் கூடும்.