பழைய பாயில் புது எண்

லேசர் என்ற ஒற்றை ஆள் பாய்மரப் படகுக்கு மலிவாக ஒரு பழைய பாய் கிடைக்கிறது, அதில் இருக்கும் எண்ணை உரித்துவிட்டு என் எண்ணை ஒட்டிக்கொள்ளலாமா என்று நண்பர் கேட்டார். தாராளமாக ஒட்டலாம். ஆனால் உரிக்கவே ஒரு முழு நாள் போகும். போன ஞாயிறு எனக்குப் போனது.

லேசரில் பாயின் எண் என்பது பொதுவாகப் படகின் எண்தான். பாய் யாரிடமிருந்து வந்தாலும் உங்கள் படகில் பொறித்திருக்கும் எண்ணைத்தான் வழக்கமாக அதில் ஒட்டுவார்கள். என் படகுக்குப் பாயின் ஒரு பக்கத்துக்கு ஆறு இலக்கம், ஆக மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் 300 மி.மீ. உயரம். கடைசி நான்கு இலக்கம் அடர் நிறத்தில், முன்னால் வரும் இரண்டும் வேறொரு வெளிர் நிறத்தில். ஸ்டார்போர்ட், அதாவது படகின் வலப்பக்கத்து வரிசை எப்போதும் மேலே இருக்கும். துணி மெல்லியது, வெயில் பட்டால் மறுபக்கத்து எண்ணும் தெரியும். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் தூரத்திலிருந்து எதையும் படிக்க முடியாது.

முதல் தடவை, பைக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடையில் அளவு கொடுத்து வினைலில் வெட்டி வாங்கினேன். விலை குறைவு, வேலை சுத்தம். எட்டு மாதம்கூடத் தாங்கவில்லை. பந்தயம் தொடங்கக் காத்திருக்கும் நேரமெல்லாம் பாய் படபடவென்று அடிக்கும். துணி வளைகிற அளவுக்கு வினைல் வளையாது. சென்னை வெயிலில் பசையும் இளகிவிடும். ஒருநாள் என் 7இன் மேல்கோடு உரிந்து போய் அது 1 ஆகிவிட்டது. நல்ல இடத்தில் முடித்த பந்தயம் அது. முடிவுப் பட்டியலில் நான் முடிக்கவே இல்லை என்று இருந்தது. கண்ணில் பட்டதைத்தான் பந்தயம் நடத்தியவர்கள் எழுதினார்கள், அவர்கள் மேல் தப்பு இல்லை. ஆனாலும் அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அப்புறம்தான் பாய்த்துணியிலேயே பசை பூசி வரும் எண்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். கூரியரும் சுங்கமும் சேர்ந்து எண்களின் விலையையே தாண்டிவிட்டன. பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்ததெல்லாம் கால்குலேட்டரில் வருவது மாதிரிக் கட்டம் கட்டமான 8கள். இடப்பக்கத்து இரண்டு பட்டைகளைக் கத்தரித்தால் 3, நடுப்பட்டையையும் அடிப்பட்டையையும் எடுத்தால் 7. எந்த எண் வேண்டுமானாலும் அந்த 8க்குள் இருக்கிறது. ஒட்டும்போது பாயை நல்ல தண்ணீரில் அலசி, உப்பு போகக் காயவைத்து, காற்று இல்லாத அறையில் விரித்து, பென்சிலால் அடிக்கோடு போட்டுக்கொண்டேன். பின்தாளை ஓரத்தில் இரண்டு விரல் அளவு மட்டும் பிரித்து அழுத்தி, மீதியை அடியிலிருந்து மெதுவாக இழுக்க வேண்டும். இழுத்துப் பிடிக்க இன்னொருவர் கூட இருந்தால் சுருக்கமே விழாது. மூன்று வருடம் அந்த எண்கள் ஓரம்கூடத் தூக்கவில்லை. தடவிப் பார்த்தால் பாயோடு சேர்த்து நெய்தது மாதிரி இருக்கும். அவ்வளவு நல்ல பொருள்.

இப்போது வாங்கிய பழைய பாயிலும் அதே துணி எண்கள்தான், முந்தைய உரிமையாளருடையவை. ஹேர் டிரையரால் சூடுகாட்டி ஓரத்திலிருந்து இழுத்தால் துணி வருகிறது, பசை அப்படியே நின்றுவிடுகிறது. தின்னர் ஊற்ற மனம் வரவில்லை, பாயின் விறைப்புக்குப் பூசியிருக்கும் ரெசினைக் கெடுத்துவிடுமோ என்ற பயம். கடைசியில் கைகொடுத்தது வீட்டில் இருந்த நீலகிரித் தைலம். பருத்தித் துணியில் நனைத்து, சிறு வட்டமாகத் தேய்த்து, பசை உருண்டு வந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்தால் புது எண் ஒட்டாது. காலையில் ஆரம்பித்தேன், பன்னிரண்டாவது இலக்கம் முடிந்தபோது விளக்குப் போட்டாகிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் பழைய எண் நிழலாகத் தெரிகிறது. வெயில் படாத அந்த இடம் மட்டும் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது.

எது நல்லது என்றால், சந்தேகமில்லாமல் துணி எண்தான். எதை வாங்குவது என்று இன்றைக்குக் கேட்டால், கட்டைவிரல் தோல் உரிந்து கிடக்கும் இந்த நேரத்தில் வினைல் என்றுதான் சொல்வேன். அதே ஸ்டிக்கர் கடையில் பன்னிரண்டு இலக்கம் வெட்டச் சொல்லியிருக்கிறேன், 7க்கு மட்டும் கூடுதலாக ஒரு ஜோடி. பாயை மடிக்காமல் சுருட்டி வைக்கப் போகிறேன். படகை இறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த மேல்கோட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீருக்குள் போவேன்.