நீலக்கல்: இரத்தினபுரியா, ஆஸ்திரேலியாவா?

இலங்கையின் இரத்தினபுரி நீலக்கல்லையும் ஆஸ்திரேலிய நீலக்கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பலருடைய கை முதலில் கருத்த கல்லுக்குத்தான் போகும். "நல்லா கெட்டியான நீலம்" என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். தரம் பார்ப்பவர்கள் சாயல், கருமை, செறிவு என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். விலையை ஏற்றுவது செறிவு, அதாவது நிறம் எவ்வளவு தூய்மையாகத் துலங்குகிறது என்பது. நடுத்தரத்துக்குச் சற்று மேலான கருமையையும் தாண்டிப் போகப் போக, விலை இறங்கும்.

நிறம் தருவது இரண்டிலும் இரும்பும் டைட்டேனியமும்தான். பசால்ட் எரிமலைக் குழம்போடு மேலே வந்த, ஆஸ்திரேலியாவின் இன்வெரல், அனாக்கி ஊர்க் கற்களில் இரும்பு அதிகம். மைக்கருமையும் பச்சைச் சாயலும் அதனால் வருவது. தாய்லாந்தின் காஞ்சனபுரிக் கல்லும் இதே சாதி. இரத்தினபுரிக் கல்லில் இரும்பு குறைவு. லேசாக ஊதா கலந்த, வெளிச்சமான நீலம். ஆனால் வெளிறிப்போன கல்லும் நிறைய வரும். காஷ்மீர் நீலத்தை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அங்குள்ள பாடர் சுரங்கத்தின் நல்ல காலம் 1880களிலேயே முடிந்துவிட்டது.

கடை விளக்கை நம்பாதீர்கள். வெயில் நேராக விழாத ஜன்னலோரம், வெள்ளைத் தாள், இடுக்கி போதும். கல்லை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஆஸ்திரேலியக் கல்லில் ஒரு பக்கம் நீலமும் இன்னொரு பக்கம் பச்சையும் தெரியும். பட்டை தீட்டியவர் திசை தவறியிருந்தால் அந்தப் பச்சை மேல்முகத்துக்கே வந்துவிடும். பிறகு மஞ்சள் பல்புக்கடியில் பாருங்கள். பகலிலேயே கருத்த கல் அங்கே கறுப்புப் பொத்தான் மாதிரி கிடக்கும்.

இலங்கைக் கல்லில் பார்க்க வேண்டியது வேறு. பல கற்களில் நிறம் கல் முழுக்கப் பரவியிருக்காது. அடிமுனையில் ஒரு துளி நீலத்தை நிறுத்தி வெட்டியிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் கல் முழுவதும் நீலம். தண்ணீர் டம்ளரில் போட்டுப் பக்கவாட்டில் பாருங்கள்: கண்ணாடி போன்ற உடல், அடியில் மட்டும் மை. இது மோசடி இல்லை, பழைய தொழில் நுணுக்கம். ஆனால் அடி தடிமனாக இருக்கிறதென்று மறுபடி தீட்டக் கொடுத்தால், தூளோடு நிறமும் போய்விடும்.

அடிப்பக்கச் சாய்வு 35 பாகைக்குக் கீழே இறங்கினால் நடுவில் 'ஜன்னல்' விழும். கல்லுக்குக் கீழே உள்ள எழுத்தையே படிக்கலாம். இலங்கைக் கல்லில் அது நிறத்தை இன்னும் வெளுக்கும். கருத்த கல்லிலோ, வெளிச்சம் வரட்டும் என்று வேண்டுமென்றே தட்டையாக வெட்டுவதும் உண்டு.

சூடேற்றுவது இரண்டிலும் சகஜம். இலங்கையில் கிடைக்கும், பால் போல மங்கிய 'கெவுட' என்ற கல்லை 1,600 டிகிரிக்கு மேல் காய்ச்சி நீலமாக்குவார்கள். கருத்த கல்லைக் காய்ச்சுவது நிறத்தை இறக்க.

2 காரட்டுக்கு மேல் மோதிரக் கல் என்றால் யோசிக்காமல் இரத்தினபுரி. 2 மில்லிமீட்டர் தோட்டுப் பொடிக்கல் என்றால் ஆஸ்திரேலியாவே மேல்: அந்த அளவில் இலங்கை நீலம் வெறும் தண்ணீராகத் தெரியும்.