கூடா நட்பு: ரெடிமேட் ஓப்பன்சிவி போட்டு ஏமாந்த கதை

"கம்பைல் எல்லாம் வேண்டாம், ஒரே கட்டளையில் கூடா வசதியுடன் ஓப்பன்சிவி" என்று எந்த வழிகாட்டியாவது சொன்னால் அந்தக் கட்டளையை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். நான் ஒட்டினேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தாலும், இதே ஆசையில் இன்னொருவர் மாட்டக்கூடாது. ஓப்பன்சிவி என்பது படம், வீடியோவைக் கையாளும் லைப்ரரி. கூடா என்பது கணக்குகளை என்விடியா கார்டில் வேகமாக ஓட்டும் வசதி. கம்பைல் என்றால் மூல நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றுவது.

பைத்தானில் ஓப்பன்சிவி போட்டவர்களுக்குத் தெரியும். பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் கருவி வழியாக வருவது சிபியுவை மட்டும் பயன்படுத்தும் பதிப்பு. மெஷினில் நல்ல என்விடியா கார்டு இருந்தாலும் அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும். கூடா வேண்டுமென்றால் சோர்ஸை இறக்கி, அதோடு கான்ட்ரிப் என்ற கூடுதல் தொகுதிகளையும் அதே பதிப்பு எண்ணில் இறக்கி, கம்பைலுக்கு அமைப்பு செய்யும் சிமேக் கருவியில் ஒவ்வொரு ஆப்ஷனாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்து, மணிக்கணக்கில் கம்பைல் செய்ய வேண்டும். பாதியில் ஒரு எர்ரர் வந்தால் மறுபடி முதலிலிருந்து. இரண்டு முறை அப்படித் தோற்ற பிறகுதான் குறுக்கு வழி தேடினேன். பசித்தவன் கண்ணுக்கு எதுவும் சோறாகத்தான் தெரியும்.

அந்தத் தேடலில் கிடைத்த வழிகாட்டி பார்க்க நன்றாக இருந்தது. ஸ்கிரீன்ஷாட் எல்லாம் போட்டு, டிரைவர் பதிப்புவரை விளக்கியிருந்தார்கள். கடைசியில் ஒரு பிப் கட்டளை. பேக்கேஜின் பெயரில் ஓப்பன்சிவி இருந்தது, பைத்தான் இருந்தது, கூடாவும் இருந்தது. எனக்கு ஏன் சந்தேகம் வரவில்லை என்றால், உண்மையான ஓப்பன்சிவியே பிப்பில் நான்கு பெயர்களில் இருக்கிறது: ஓப்பன்சிவி-பைத்தான், அதன் ஹெட்லெஸ் (திரையில் ஜன்னல் காட்டாத) பதிப்பு, கான்ட்ரிப் பதிப்பு, கான்ட்ரிப்பின் ஹெட்லெஸ். நான்கில் எதைப் போட்டாலும் கோடில் இம்போர்ட் செய்வது சிவி2 என்ற பெயரில்தான். நிறுவும் பெயர் ஒன்று, இம்போர்ட் செய்யும் பெயர் வேறொன்று. இப்படிப் பழகிவிட்ட கண்ணுக்கு ஐந்தாவதாக ஒரு பெயர் வந்தால் உறுத்துமா? எனக்கு உறுத்தவில்லை.

போதாக்குறைக்கு சூடோ (லினக்ஸில் ரூட் என்னும் முழு அதிகாரம் தரும் கட்டளை) போட்டு நிறுவினேன். வழிகாட்டியில் அப்படித்தான் இருந்தது.

திரையில் ஓடியதை இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. முதலில் இறங்கிய ஃபைல் சில கிலோபைட்தான். கூடா சேர்த்துக் கம்பைல் செய்த ஓப்பன்சிவி எங்கேயாவது கிலோபைட்டில் வருமா? அதற்குப் பிறகு "பில்டிங் வீல்" என்று ஒரு வரி, அதில் செட்டப் டாட் பிஒய் பெயர். அதன் அர்த்தம், வந்தது தயார்நிலையில் உள்ள வீல் ஃபைல் இல்லை, சோர்ஸ் பொட்டலம். அதைப் பிரித்து அதற்குள் இருக்கும் பைத்தான் கோடை பிப் என் மெஷினில் இயக்குகிறது. நிறுவுவது என்றால் ஏதோ ஃபைல்களைக் காப்பி செய்வது என்றுதான் அன்றுவரை மனதில் பதிந்திருந்தது. சோர்ஸ் பொட்டலமாக இருந்தால் நிறுவுவதே முன்பின் தெரியாதவரின் நிரலை ஓட்டுவதுதான், என் விஷயத்தில் ரூட் அதிகாரத்தோடு. இதற்கு இடையில் அசல் ஓப்பன்சிவி-பைத்தானும் டிபென்டன்சியாக, அதாவது அந்தப் பேக்கேஜ் தனக்குத் தேவை என்று இழுக்கும் லைப்ரரியாக, பத்துப் பத்து மெகாபைட்டாக இறங்கியது. எல்லாம் பச்சை நிறத்தில் வெற்றிகரமாக முடிந்தது.

சிவி2 இம்போர்ட் ஆனது. படம் திறந்தது. வீடியோ ஓடியது. ஆனால் கூடா சாதனங்களின் எண்ணிக்கையைக் கேட்டால் பூஜ்யம் என்றது. பில்ட் விவரங்களைப் பிரின்ட் செய்து பார்த்திருந்தால் கூடா சேர்க்கப்படவே இல்லை என்பது அங்கேயே தெரிந்திருக்கும். நானோ டிரைவரைச் சந்தேகப்பட்டேன். டிரைவரை அழித்துப் போடுவதிலும் டூல்கிட்டை மாற்றிப் போடுவதிலும் இரண்டு நாள் போனது. திருடன் சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், நான் உட்கார்ந்து கதவின் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான்காவது நாள் காலை, கோட் வைத்திருக்கும் தளத்திலிருந்து ஒரு மின்னஞ்சல்: உங்கள் கணக்கில் புதிய எஸ்எஸ்எச் சாவி சேர்க்கப்பட்டுள்ளது. அந்தச் சாவி வைத்திருப்பவர் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே வரலாம். நான் சேர்க்கவில்லை. அடுத்து கிளவுட் கணக்கைத் திறந்தால், நான் ஒருபோதும் பயன்படுத்தாத ஒரு ரீஜனில் (டேட்டா சென்டர் பகுதியில்) பெரிய பெரிய மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கணக்கின் சாவி எங்கே இருந்தது? புராஜெக்ட் ஃபோல்டரில் என்வி ஃபைலிலும், டெர்மினலின் என்விரான்மென்ட் வேரியபிளிலும். எல்லாரும் வைக்கும் அதே இடம்.

அந்தப் பேக்கேஜின் சோர்ஸ் பொட்டலத்தை வேறொரு மெஷினில், நிறுவாமல், பிரவுசர் வழியாக இறக்கித் திறந்து பார்த்தேன். பிப்பின் டவுன்லோடு கட்டளையை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சோர்ஸ் பொட்டலமாக இருந்தால் விவரங்களை எடுப்பதற்காக அதுவும் உள்ளே இருக்கும் கோடை இயக்கும். செட்டப் ஃபைல் முதல் பார்வைக்குச் சாதுவாக இருந்தது. எடிட்டரில் அடியில் இருக்கும் ஸ்க்ரோல் பட்டை மட்டும் அநியாயத்துக்குச் சிறியதாக இருந்தது. வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனால், நூற்றுக்கணக்கான வெற்றிடங்களுக்கு அப்பால் ஒரு நீளமான பேஸ்64 சரம் (புரியாத எழுத்துக் குவியலாக மாற்றிய நிரல்), அதை அவிழ்த்து இயக்கும் ஒரு சின்னக் கட்டளை. வேரியபிள்களையும் எஸ்எஸ்எச் ஃபோல்டரையும் சுருட்டி எங்கோ அனுப்புவதுதான் அதன் வேலை. அசல் லைப்ரரியை டிபென்டன்சியாகச் சேர்த்ததே நான் எதையும் சந்தேகிக்காமல் இருப்பதற்காகத்தான்.

இது புதிதும் இல்லை. 2019 டிசம்பரில், பிப் பேக்கேஜ்களை எடுக்கும் பைபிஐ தளத்திலிருந்து, ஜெல்லிஃபிஷ் என்ற லைப்ரரியின் பெயரைப் போலவே தெரிந்த ஒரு போலியை நீக்கினார்கள். ஆங்கிலத்தில் இரண்டு சிறிய 'எல்' வரும் இடத்தில் முதலாவதை மட்டும் பெரிய 'ஐ' ஆக்கியிருந்தார்கள். பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. கிட்டத்தட்ட ஒரு வருடம் அது அங்கேயே இருந்து எஸ்எஸ்எச் சாவிகளைத் திருடியிருக்கிறது. பெரிய ஆட்களும் தப்பவில்லை. 2022 டிசம்பர் 25 முதல் 30 வரை பைடார்ச் என்ற செயற்கை நுண்ணறிவு லைப்ரரியின் நைட்லி (தினமும் வெளிவரும் சோதனை) பதிப்பை லினக்ஸில் பிப் மூலம் நிறுவியவர்களுக்கு, டார்ச்டிரைட்டன் என்ற டிபென்டன்சி பைடார்ச் குழுவின் சொந்த இன்டெக்ஸிலிருந்து (பேக்கேஜ் களஞ்சியத்திலிருந்து) வராமல், அதே பெயரில் பைபிஐயில் யாரோ ஏற்றிய போலி வந்து இறங்கியது. அவர்கள் தட்டிய பெயரில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. நான் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன். அவர்கள் வேலிப் பக்கமே போகவில்லை.

சுத்தம் செய்ததில் ஒரு தவறு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பதற்றத்தில் அதே மெஷினில் உட்கார்ந்து புதிய சாவிகளை உருவாக்கினேன். பிப் அன்இன்ஸ்டால் அடித்தாகிவிட்டது, இனி பயமில்லை என்ற நினைப்பு. அன்இன்ஸ்டால் என்பது அந்தப் பேக்கேஜ் வைத்த ஃபைல்களை மட்டும் எடுக்கும்; நிறுவும்போது ஓடிய கோடு செய்ததை அது திரும்பப் பெறாது. டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பேஷ்ஆர்சி ஃபைலின் கடைசியில் நான் எழுதாத ஒரு வரி இருந்தது. அதனால் எல்லாச் சாவிகளையும் இரண்டாவது முறை, வேறு மெஷினிலிருந்து ரத்து செய்து மாற்றினேன். பிறகு பழைய மெஷினில் ஆபரேட்டிங் சிஸ்டத்தையே அழித்துப் போட்டேன்.

இப்போது சூடோவுடன் பிப் இல்லவே இல்லை. ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட். ஆனால் அது ஏதோ இரும்புப் பெட்டி என்று நினைக்க வேண்டாம்; லைப்ரரிகள் ஒன்றோடொன்று மோதாமல் பிரிக்கும், உங்கள் ஹோம் ஃபோல்டரைக் காக்காது. தெரியாததைச் சோதிக்க, மெஷினின் மற்ற பகுதிகளிலிருந்து பிரிந்து இயங்கும் கன்டெய்னர்தான், அதுவும் உள்ளே எந்தச் சாவியும் இல்லாமல். பிப்பில் ஒன்லி-பைனரி ஆப்ஷன் கொடுத்தால் சோர்ஸ் பொட்டலங்களைத் தொடாது. வீலுக்குள்ளும் விஷம் வைக்கலாம்தான், ஆனால் நிறுவும் கணத்திலேயே ஓடாது. பேக்கேஜ் பக்கத்தில் கிட்ஹப் முகவரியும் அதன் நட்சத்திர எண்ணிக்கையும் இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். என்னுடைய போலி காட்டியது அசல் ஓப்பன்சிவியின் முகவரியைத்தான். அந்த இடத்தில் யாரும் எதையும் எழுதலாம். இப்போது பைபிஐ, சரிபார்க்கப்பட்ட விவரங்களையும் சரிபார்க்கப்படாதவற்றையும் தனித்தனியாகக் காட்டுகிறது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். கூடா சேர்த்த வீல்களை நேர்மையாகக் கம்பைல் செய்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களைப் பிரித்தறியும் அளவுக்கு எனக்கு இப்போது பொறுமையில்லை, அவ்வளவுதான்.

வழிகாட்டி எழுதியவருக்கு எல்லா விவரத்தையும் அனுப்பினேன். "எனக்கு வேலை செய்கிறதே" என்று ஒரு வரி பதில். அவரும் ஏமாந்தவரா, ஏமாற்றியவரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பைபிஐயில் அந்தப் பேக்கேஜைத் தீங்குநிரல் என்று புகார் செய்தேன், எடுத்துவிட்டார்கள். சில வாரம் கழித்து வழிகாட்டியை மறுபடி திறந்து பார்த்தேன். ஸ்கிரீன்ஷாட்டுகள் அப்படியே இருந்தன. கட்டளையில் மட்டும் பேக்கேஜ் பெயர் மாறியிருந்தது, நடுவில் ஒரு ஹைஃபன் கூடுதலாக. அதையும் பிரவுசரில் இறக்கிச் செட்டப் ஃபைலைத் திறந்தேன். அடியில் அதே குட்டி ஸ்க்ரோல் பட்டை.

இரண்டாவது புகாரையும் அனுப்பிவிட்டு, சிமேக்கைத் திறந்து மூன்றாவது முறையாகக் கம்பைலைத் தொடங்கினேன்.