கினொசாகியில் ஒரு ராத்திரி

ஜப்பானின் வெந்நீர் ஊற்று ஊரான கினொசாகிக்குப் பகலில் போய்ப் பகலிலேயே திரும்புவது வீண். கியோத்தோவிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம் ஆகிறது. ஊர் களைகட்டுவதோ இருட்டிய பிறகுதான். விடுதியில் கொடுத்த யுகாத்தா என்ற மெல்லிய பருத்தி அங்கியைச் சுற்றிக்கொண்டு, மரச்செருப்பு டக் டக்கென்று, ஓத்தானி ஆற்றோர வில்லோ மரங்களுக்கடியில் ஊரே குளிக்கக் கிளம்புகிறது. தங்குபவர்களுக்கு ஏழு பொதுக் குளியலகங்களும் இலவசம்.

விடுதிக்குள் இருக்கும் தொட்டி சின்னதாக இருக்கிறதே என்று முகம் சுளிக்காதீர்கள். விடுதிக்குள் வெந்நீர் வரலாமா கூடாதா என்று 1927-இல் தொடங்கிய வழக்கு 1950 வரை இழுத்தது. உள்ளே சின்னதாக வைத்துக்கொள்ளலாம், பெரிய குளியல் வெளியேதான் என்று சமரசம் ஆனது. தெருவில் இத்தனை கூட்டம் இருப்பதே அதனால்தான்.

நான் நாலு இடத்தில் குளித்தேன். முதலில் மந்தரா-யு. குட்டை முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். கையகலத் துண்டை விட மனமே வரவில்லை. பக்கத்துப் பாட்டிகள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் கூச்சம் போய்விட்டது. தண்ணீர் உதட்டில் பட்டால் உப்புக் கரிக்கிறது. கோஷோ-நோ-யுவின் திறந்தவெளித் தொட்டி அழகு. யானகி-யு சின்னது, மர வாசனை, எனக்குப் பிடித்தது அதுதான். ஏழையும் முடிக்கிறேன் என்று ஓடாதீர்கள். ஊற்றுநீரை ஒன்றாகச் சேர்த்துத்தான் எல்லாவற்றுக்கும் அனுப்புகிறார்கள், ஏழிலும் ஒரே தண்ணீர்.

மறுநாள் காலை ஓன்சென்ஜி கோயில். உண்மையில் இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். தோச்சி என்ற துறவி ஆயிரம் நாள் பிரார்த்தித்து 720-இல் ஊற்று பொங்கியதாக ஐதீகம். கோயில் 738-இல் எழுந்ததாம். அந்தக் காலத்தில் இங்கே கும்பிட்டு ஒரு அகப்பை வாங்கிய பிறகே குளிக்க இறங்குவார்களாம். கோயிலுக்கு ரோப்காரில் போய்ப் பாதி வழியில் இறங்கலாம். நான் வீம்புக்குப் பாசி பிடித்த கல்படிகளில் ஏறினேன், முந்தின நாள் மரச்செருப்பு கடித்த புண்ணோடு.

குறை என்றால் சாப்பாடு. நவம்பர் முதல் மார்ச் வரை ஊரே நண்டு. சைவம் என்று முன்கூட்டியே எழுதியும் எங்கள் விடுதியில் சூப்பில் மீன் வாசனை. கடைசியில் ரோப்கார் பக்கம் ஊற்றுநீரில் பத்து நிமிஷம் வேகவைத்த முட்டைதான் என் காலைச் சாப்பாடு. மூன்று முட்டை, உப்போடு. அதில் ஒரு குறையும் இல்லை.