தகலாகு சமையலறைச் சொற்கள்: ஓர் அட்டைத் தொகுப்பின் மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் என்னிடம் சமையல் பயிலும் இளைஞர்களிற் பலர் டுபாய், டோகா போன்ற நகரங்களின் விடுதிச் சமையலறைகளில் வேலை தேடிச் செல்கிறார்கள். அங்கே அவர்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவர்களிற் பலர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். மேலாளரோடு ஆங்கிலத்தில் பேசினாலும், கொதிக்கும் அடுப்புக்கு முன்னால் அவசரமாக ஒன்றைக் கேட்கும்போது அவர்கள் தமக்குள் பெரும்பாலும் தகலாகு மொழியிலேயே கேட்டுக்கொள்கிறார்கள். கையில் எதை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதையாவது நம் பிள்ளைகள் அறிந்து செல்ல வேண்டும் என்பதற்காக, ‘ஆங்கி’ என்னும் கைபேசிச் செயலியில் இயங்கும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சமையலறைச் சொல் அட்டைத் தொகுப்பு ஒன்றை வகுப்பிலே பயன்படுத்திப் பார்த்தோம்.

செயலியைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில் படமும் மறுபக்கத்தில் சொல்லும் உள்ள அட்டையைக் காட்டி, நமக்கு எளிதாக வந்த சொல்லை நாள்கள் கழித்தும், தடுமாறிய சொல்லை விரைவிலும் அது மீண்டும் கேட்கிறது. மனனம் செய்ய இது நல்ல வழி. ஆண்ட்ரொயிட் கைபேசியில் பணமும் செலவாவதில்லை.

சாப்பாட்டு மேசைக்குரிய சொற்களைத் தொகுப்பு நன்றாகவே கற்பிக்கிறது. குச்சாரா என்றால் கரண்டி, தினிதோர் என்றால் முள்ளுக்கரண்டி, குச்சில்யோ என்றால் கத்தி, பிளாத்தோ என்றால் தட்டு. 1565 முதல் 1898 வரை நீடித்த ஸ்பானிய ஆட்சியின் வழியாக வந்த சொற்கள் இவை. யாழ்ப்பாணத்தவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. சமையலறையைப் பிலிப்பைன்ஸ் நாட்டவர் குசினா என்கிறார்கள். போர்த்துக்கேயரிடமிருந்து நாம் பெற்ற குசினி அதற்கு மிக நெருங்கிய உறவு. தட்டுக்கு அவர்களிடம் பிங்கான் என்ற இன்னொரு சொல்லும் உண்டு. நம் வீடுகளில் பீங்கான் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது ஒரு தடவை கேட்டாலே போதும், மறக்காது.

அடுப்படிக்கு வந்ததும் தொகுப்பு பின்தங்கிவிடுகிறது. என் மனக்குறையெல்லாம் இங்கேதான். கவாலி என்பதற்கு நீண்ட கைப்பிடியும் தட்டையான அடியும் கொண்ட பொரிக்கும் சட்டியொன்றின் படத்தைப் போட்டிருக்கிறார்கள். ஆனால் பிலிப்பைன்ஸ் வீடுகளில் நெடுங்காலமாகப் புழங்கி வருவது நமது தாச்சியைப் போன்ற குழிந்த பாத்திரம். அந்தப் படத்தைப் போட்டிருந்தால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை நொடியில் புரிந்துகொள்ளும். சோறும் குழம்பும் அள்ளும் சன்தொக், மீனைப் புரட்டும் தட்டையான சியான்சே ஆகிய இரண்டுக்கும் ஒரே விளக்கத்தைக் கொடுத்திருப்பது அதைவிடப் பெரிய குறை. அகப்பையைக் கேட்டவரிடம் தோசைக் கரண்டியை நீட்டினால் வேலை நடக்குமா? குட்குரன் என்ற சொல் தொகுப்பில் இல்லவே இல்லை. தாழ்ந்த பலகையில் அமர்ந்து, அதன் முனையிலுள்ள பல்வைத்த இரும்பில் தேங்காய் துருவும் அந்தக் கருவி நமது திருவலையேதான். தேங்காய்ப்பாலை அவர்கள் கத்தா என்று அழைத்து, மீனுக்கும் மரக்கறிக்கும் இனிப்புக்கும் ஊற்றிச் சமைக்கிறார்கள். அப்படிப்பட்ட சமையலின் சொற்களைக் கற்பிக்க வந்த தொகுப்பு திருவலையை விட்டுவிட்டதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மண்சட்டியைக் குறிக்கும் பலயோக்கும் விடுபட்டிருக்கிறது.

ஒலிப்பதிவு எல்லா அட்டைகளிலும் இல்லை. தமிழ் எழுத்தில் குறிப்பெழுதிப் படிப்பவர்களுக்கு இது உண்மையான இடையூறு. தண்ணீர் குடிக்கும் கிளாசுக்கும் சூட்டுக் காயத்துக்கும் தகலாகு மொழியில் உள்ள சொற்களை நாம் எழுதினால் இரண்டுமே பாசோ என்றுதான் வரும். கிளாசுக்குரியதைப் ‘பஸ்’ என்பதன் முதலெழுத்தைப் போல மென்மையாகவும், காயத்துக்குரியதைப் ‘பல்’ என்பதில் உள்ளதைப் போல வன்மையாகவும் ஒலிக்க வேண்டும் என்பதைக் காதால் கேட்டுத்தான் பழக முடியும். ஆங்கியில் நாமே ஒலியைப் பதிந்து சேர்க்கலாம் என்பதால், வளைகுடாவில் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர்களிடம் அவர்களுடைய சகபணியாளர்களின் குரலைப் பதிந்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம். நம் சொந்தக் குசினியில் எடுத்த படங்களையும் அட்டைகளில் மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

தனிச் சொற்களோடு தொகுப்பு நின்றுவிடுவதால், கேட்கும் முறையை ஆசிரியர்தான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. “பாக்கியாபொத் நங் சன்தொக்” என்றால் அகப்பையை எடுத்துத் தரும்படி பணிவாகக் கேட்பது. வயதில் மூத்த சமையற்காரரிடம் கேட்கும்போது “பாக்கியாபொத் போ” என்று தொடங்க வேண்டும். அந்தப் ‘போ’ அவர்களுடைய மரியாதைச் சொல். நம்மவர் காதுக்கு அது அதட்டலாகக் கேட்கக்கூடும் என்பதால், பயணத்துக்கு முன்னரே இதை ஒவ்வொருவருக்கும் விளங்கப்படுத்தி அனுப்புகிறேன்.