டயாலிசிஸ் பிரிவின் பின்கதவு

அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். சூலூரிலிருந்து கோயமுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். மெஷினில் படுக்க வைத்தால் நாலு மணி நேரம். கூட வந்தவர்கள் வெளியே டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் உட்காரவே வராது. எழுந்து சுற்றப் போய்விடுவேன். திருப்பூரில் சாயப்பட்டறையிலும், அப்புறம் பொது சுத்திகரிப்பு நிலையத்திலுமாக முப்பது வருடம் ஓட்டியவன். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் தண்ணீர் எந்தப் பக்கமாக வெளியே போகிறது என்றுதான் கண் தேடும்.

வைத்தியத்தைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. அது நன்றாகவே நடக்கிறது. வரவேற்பறையில் ‘பசுமை மருத்துவமனை’ என்று ஆளுயரத்துக்கு ஒரு பலகை நிற்கிறது. அந்தப் பலகை சொல்வது எவ்வளவு நிஜம் என்பதுதான் இந்த விமர்சனம். பேர் போடவில்லை. அண்ணன் இன்னும் அங்கேதான் போய்ப் படுக்க வேண்டும்.

கழிவுநீர் சுத்திகரிப்பில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில்தான் அசந்து போனேன். ஜெனரேட்டருக்குப் பின்னால் இருக்கிறது. வெள்ளக்கோவில் பையன் ஒருவன் பார்த்துக்கொள்கிறான். நான் எட்டிப் பார்த்ததும், “ஏனுங்ண்ணா, பாத்ரூம் அந்தப் பக்கமுங்க” என்றான். தொழில் சொன்னதும் ஸ்டூல் எடுத்துப் போட்டான். காற்றடிக்கும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் ஜாடியில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைத்துக் காட்டினான். ஸ்லட்ஜ், அதாவது அழுக்கைத் தின்னும் கிருமிகள் திரண்ட சேறு, முந்நூறு மில்லிக்கு இறங்கி நின்றது, மேலே தெளிந்த தண்ணீர். நல்ல ஸ்லட்ஜ் என்றால் காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும், மழை பெய்த மண் மாதிரி வாசம் வரும். அழுகின முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை, கரண்ட்டை மிச்சம் பிடிக்க காற்றடிக்கும் புளோயரை நிறுத்துகிறார்கள் என்று அர்த்தம். இங்கே மண் வாசம்தான் வந்தது. சுத்தமான தண்ணீர் தோட்டத்துக்கும் கழிப்பறை ஃப்ளஷுக்கும் போகிறது. அதற்குத் தனிக் குழாய், தனி நிறம். பலகை வைக்க இந்தப் பையன் ஒருவனே போதும்.

நான் இதையெல்லாம் நோண்டுவதற்குக் காரணம் இருக்கிறது. நொய்யல் ஆற்றை நாங்கள் என்ன பாடுபடுத்தினோம் என்று எனக்குத் தெரியும். பாசனத்துக்குக் கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியாகிப் போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அத்தனை சாயப்பட்டறையையும் மூடச் சொன்னபோது நான் வேலை பார்த்த பட்டறையும் மூடியது. அதற்கப்புறம்தான் ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிப்பது எப்படி என்று அடி வாங்கிக் கற்றுக்கொண்டோம்.

இப்போது டயாலிசிஸ் தண்ணீர். ஒரு நோயாளியின் மெஷினில் நிமிடத்துக்கு அரை லிட்டர் ஓடுகிறது. நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். அது சாதாரணத் தண்ணீராக இருக்க முடியாது, ஆர்.ஓ. போட்டுத்தான் ஆக வேண்டும். ஆர்.ஓ. போட்டால் ரிஜெக்ட் வரும், அதாவது உப்பைச் சுமந்துகொண்டு தனியாக ஒதுங்கும் தண்ணீர். இந்த மருத்துவமனையில் பத்து மெஷின், மூன்று ஷிஃப்ட். உள்ளே போகும் தண்ணீரில் நல்லதும் ரிஜெக்ட்டும் பாதிக்குப் பாதி என்றார் டெக்னீஷியன். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 3,600 லிட்டர் ரிஜெக்ட். அது எங்கே போகிறது என்று கேட்டேன். “டிரெயின்லதானுங்க” என்றார்.

ரிஜெக்ட் என்றதும் கழிவு என்று நினைக்க வேண்டாம். அது நோயாளியைத் தொடவே இல்லை, மெஷினுக்கு முன்னாலேயே பிரிந்துவிடுகிறது. நாங்கள் திருப்பூரில் மல்லுக்கட்டும் ரிஜெக்ட் உப்பில் கடல் தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்கும். கொதிக்க வைத்து உப்பைப் பிரித்தால்தான் விடிவு. இது அப்படியல்ல. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்க, சட்டைப் பையிலிருந்த டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தேன்: 580. எங்கள் வீட்டு போர் தண்ணீர் 1,400. எங்கள் வீட்டில் துணி துவைக்கிற தண்ணீரைவிட நல்ல தண்ணீரைக் கழிவுநீரோடு கலந்து, அப்புறம் கரண்ட் செலவழித்து அதே தண்ணீரைச் சுத்தம் செய்கிறார்கள். சுத்தம் செய்தாலும் அந்த முறையில் உப்பு இறங்காது. ஒரு பைப்பைத் திருப்பி மாடித் தொட்டியில் விட்டால் தரை துடைக்க, ஃப்ளஷ் செய்யத் தாராளமாக ஆகும். அண்ணன் மகள் போனில் தேடி, ஆஸ்திரேலியாவில் ஜீலாங் என்ற ஊரில் இந்தத் தண்ணீரைப் பிடித்து உபயோகிக்கிறார்கள் என்று காட்டினாள். பில்லூர் அணைத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று காத்திருக்கிற ஊரில் இது தோன்றியிருக்க வேண்டாமா?

குப்பை விஷயத்தில் பகலுக்கு ஒரு மார்க், ராத்திரிக்கு ஒரு மார்க். 2016 மருத்துவக் கழிவு விதிப்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நாலு நிறமும் இருக்கின்றன. பைகளில் பார்கோடும் ஒட்டுகிறார்கள். பகலில் துப்புரவுக்கு வரும் அக்கா ஒருவர் கழுகுக் கண் வைத்திருக்கிறார். யாரோ ஒருவர் டிரிப்ஸ் டியூபை மஞ்சள் பையில் போடப் போக, “கண்ணு தெரியலீங்களா, அது செவப்புல போடோணுமுங்க” என்று கையோடு பிடுங்கி மாற்றிப் போட்டார். போட்டது ஒரு ஜூனியர் டாக்டர். இது சில்லறை விஷயமில்லை. சிவப்புப் பையில் போவதைக் கிருமி நீக்கி அரைத்து மறுசுழற்சிக்கு விடலாம். மஞ்சள் பை நேராக எரிகிற உலைக்குத்தான். குளோரின் கலந்த பிளாஸ்டிக் அங்கே போய் எரிந்தால் டயாக்சின் வரும்.

அந்த அக்கா வீட்டுக்குப் போன பிறகு நிலைமை வேறு. அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு ராத்திரி தங்கியபோது பார்த்தேன், மஞ்சள் பையில் புரோட்டா பார்சல், தண்ணீர் பாட்டில், இளநீர் ஸ்ட்ரா. தொட்டிக்கு மேல் ஒட்டியிருக்கும் தாள் இங்கிலீஷில் மட்டும். அந்தியூரிலிருந்து வந்திருக்கிற ஆத்தா அதைப் படித்தா போடுவார்? 2024 டிசம்பரில் நெல்லையில் கொட்டின ஆஸ்பத்திரிக் குப்பையைக் கேரளாக்காரர்களே லாரியில் திருப்பி அள்ளிப் போனபோது நாமெல்லாம் கை தட்டினோம். நம் வார்டில் ராத்திரி என்ன நடக்கிறது என்றும் கொஞ்சம் பார்க்கலாம்.

ஏசியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. டயாலிசிஸ் பிரிவில் 18 டிகிரி. ரத்தம் வெளியே போய்ச் சுற்றி வருகிறவர்களுக்கு ஏற்கனவே குளிரும். அதனால் ஆளுக்கு ஒரு கம்பளி. குளிர வைக்க ஒரு கரண்ட், அந்தக் குளிருக்குப் போர்த்தின கம்பளியைத் துவைத்துக் காயவைக்க இன்னொரு கரண்ட். கார் நிறுத்துமிடத்துக் கூரையில் சோலார் போட்டிருக்கிறார்கள். அது செய்வதில் பாதியை இந்த அறை தின்றுவிடும் போலிருக்கிறது. நர்ஸிடம் 24 வைக்கச் சொன்னால் “மேல கேக்கோணுங்க” என்கிறார். மேலே கேட்டேன். நிர்வாகி வெளிநாட்டுத் தரம் என்றார். இதே ஊரில் கிளை வைத்திருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி 2017இல் ஒரு ஆய்வு வந்தது. அவர்கள் செய்யும் கண்புரை அறுவை ஒன்றுக்கு வெளியாகும் கரியமில வாயு, பிரிட்டனில் அதே அறுவைக்கு ஆவதில் இருபதில் ஒரு பங்குதான் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இதைச் சொன்னேன். டீ குடிக்கிறீங்களா என்று கேட்டார்.

டீ நன்றாகத்தான் இருந்தது. கேன்டீனில் எவர்சில்வர் டம்ளரில் தருகிறார்கள், பேப்பர் கப் கிடையாது. வியாழக்கிழமை அரிசிம்பருப்பு சாதம் உண்டு என்கிறார்கள். எங்கள் கிழமைகளில் இல்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அதில் இரண்டு வெள்ளக்கோவில் பையனுக்கு, ஒன்று துப்புரவு அக்காவுக்கு, அரை டம்ளருக்கு.

ரிஜெக்ட் தண்ணீர்க் கணக்கை ஒரு தாளில் எழுதி பராமரிப்பு இன்ஜினியரிடம் கொடுத்திருந்தேன். போன மாதம் இரண்டாயிரம் லிட்டர் கருப்புத் தொட்டி ஒன்று வந்து இறங்கியது. இன்னும் பின்கதவுப் பக்கம் கவிழ்ந்தே கிடக்கிறது, அதன் நிழலில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகள் கண் திறந்ததும் குழாய் இணைத்துவிடுவதாக இன்ஜினியர் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.